48 மாதிரிகள், 212 வரி ஸ்கிரிப்ட்: பணிப்பாய்வு மென்பொருள் உண்மையிலேயே வேண்டுமா?

கேள்வி: மார்ச் 3

எனக்கு முன்பு ஆய்வகத்தில் இருந்தவர் 212 வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் உரைக் கோப்பு) எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 48 எலி மாதிரிகளின் ஆர்என்ஏ வரிசைத் தரவு முழுவதும் அதில்தான் ஓடியது. சீரமைப்பு (ஒவ்வொரு துண்டும் மரபணுத் தொகுதியில் எந்த இடத்துக்கு உரியது என்று பொருத்துவது), எண்ணிக்கை அட்டவணை (எந்த மரபணுவுக்கு எத்தனை துண்டு) எல்லாம் வந்துவிடுகிறது. இப்போது பேராசிரியர், "எல்லோரும் பணிப்பாய்வு மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள், நீயும் மாற்று" என்கிறார். பகுப்பாய்வின் படிகளை வரிசையாக ஓட்டி, எது முடிந்தது, எது பாக்கி என்று கணக்கு வைக்கும் மென்பொருளாம். கேலக்ஸி, ஸ்நேக்மேக், நெக்ஸ்ட்ஃப்ளோ என மூன்று பெயர்களும் சொன்னார். ஓடுகிற வண்டியை ஏன் கழற்றிப் பூட்ட வேண்டும்? வீண் சுமை என்பதுதான் என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பதில்: மார்ச் 3, இரவு 10.20

மறுக்கப்போவதில்லை. ஒரே சர்வர், ஒரே ஆள், ஒரே தடவை என்றால் ஸ்கிரிப்ட் போதும். நானும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். புதிய மென்பொருள் கைக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 23-ஆம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வர் அணைந்துவிடுகிறது. மறுபடி இயக்கினால் உங்கள் ஸ்கிரிப்ட் 1-இலிருந்து தொடங்குமா, 23-இலிருந்தா? 23-இன் அரைகுறைக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்பித் தாண்டிப் போய்விடுமா? இதற்கு விடை தெரிந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம்.

மார்ச் 4, காலை 7.05

இரவு எழுதியதைக் காலையில் படித்தேன். "நானும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான்" என்று மீசையை முறுக்கியிருக்கிறேன். அந்த நான்காம் ஆண்டின் கடைசியில் நடந்ததை வசதியாக விட்டுவிட்டேன்.

30 தாவர மாதிரிகள். ஒற்றை முனை ரீட்கள், அதாவது வரிசைப்படுத்தும் கருவி ஒரு முனையிலிருந்து மட்டும் படித்துத் தரும் சிறு துண்டுகள். என் ஸ்கிரிப்டின் முதல் வேலை மூன்று கட்டளைகளை, ஒன்றின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடாகப் போகும்படி, குழாய்க்குறியால் கோத்த ஒரே வரி: சுருக்கிய ஃபாஸ்ட்க்யூ கோப்பை (ரீட்கள் இருக்கும் கோப்பு) விரி, 30 எழுத்துக்குக் குறைந்த ரீட்களைக் கழி, மறுபடி சுருக்கி எழுது. 17-ஆம் மாதிரியின் கோப்பு பதிவிறக்கத்தில் பாதியில் அறுந்திருந்தது. விரிக்கும் கட்டளை கிடைத்த வரைக்கும் விரித்துக் கொடுத்துவிட்டு, கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று ஒரு வரி புலம்பிவிட்டுச் செத்தது. நடுவில் இருந்த கட்டளையோ நான்கு வரி சேர்ந்தால்தான் ஒரு ரீட் என்று கொள்ளும். கடைசியில் இரண்டரை வரியோடு தொங்கிய ரீட்டை அது சத்தமில்லாமல் உதறிவிட்டது. மூன்றாவது கட்டளை வந்ததை ஒழுங்காகச் சுருக்கி எழுதி, "வெற்றி" என்று திரும்பியது. குழாயில் கோத்த கட்டளைகளில் கடைசியானதன் முடிவை மட்டும்தான் பாஷ் (ஸ்கிரிப்டை இயக்கும் ஷெல்) இயல்பாகக் கேட்கும். ஆகவே ஸ்கிரிப்டும் வெற்றி, நானும் வெற்றி. புலம்பிய அந்த ஒரு வரி, பதிவுக் கோப்பின் பல்லாயிரம் வரிகளுக்கு நடுவில் கிடந்தது.

மற்ற மாதிரிகளில் தலா இரண்டரைக் கோடி ரீட்களுக்கு மேல் இருந்தன. 17-இல் 40 லட்சம். எண்ணிக்கையை மொத்த அளவுக்கு ஏற்ப இயல்பாக்கும் படி ஒன்று அடுத்து வருகிறதல்லவா, அது அந்தப் பள்ளத்தையும் நிரவிவிட்டது. ஒத்த மாதிரிகளை அருகருகே காட்டும் முதன்மைக் கூறு வரைபடத்தில் 17 மட்டும் கூட்டத்தை விட்டுத் தனியே நின்றது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? காரணம் கண்டுபிடித்தோம். அந்தச் செடி தட்டின் ஓரத்தில் இருந்தது, வெளிச்சம் குறைவு, ஆகவே ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் தணிந்துள்ளன என்று அரைப்பக்கம் எழுதினோம். மூன்று வாரம் கழித்துப் பக்கத்து மேசையில் இருந்தவர் வரைபடத்தைப் பார்த்து, "கோப்பின் அளவைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தோம். தரவோடு வந்திருந்த எம்டி5 சரிபார்ப்புப் பட்டியலும் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை எண்கள்) அதே அடைவில் திறக்கப்படாமல் இருந்தது.

பணிப்பாய்வு மென்பொருள் எதுவாக இருந்தாலும் இது அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ஆகவே மறுக்கிறேன்.

மார்ச் 4, மாலை 6.40

"என் ஸ்கிரிப்டில் கோப்பு இருந்தால் தாண்டு என்ற வரி இருக்கிறது, அது போதாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிதான் எனக்குப் பயம். கோப்பு இருக்கிறது என்பதும் கோப்பு முடிந்திருக்கிறது என்பதும் வேறு வேறு. ஸ்நேக்மேக் ஒரு வேலை தொடங்கும்போதே குறித்து வைத்துக்கொள்கிறது. வேலை பிழையோடு முடிந்தால் அரைகுறை வெளியீட்டை அழித்துவிடுகிறது. சர்வரே அணைந்துபோய் அழிக்க வாய்ப்பில்லாமல் போனால், அடுத்த முறை "இந்தக் கோப்புகள் அரைகுறை" என்று பெயர் சொல்லி நின்றுகொள்ளும். நெக்ஸ்ட்ஃப்ளோவில் ஒவ்வொரு வேலைக்கும் தனி அடைவு. வெளியேறும் குறியீடு 0, அதாவது வெற்றி, என்று பதிவாகாத அடைவை, தொடரச் சொல்லும்போது அது கண்டுகொள்ளாது.

மின்சாரம் போய் வந்த பிறகு ஸ்நேக்மேக் முதலில் சொல்வது "அடைவு பூட்டப்பட்டிருக்கிறது" என்பது. பயப்பட வேண்டாம். செத்துப்போன ஓட்டம் சாவியைக் கையோடு கொண்டு போய்விட்டது, அவ்வளவே. பூட்டைத் திறக்க ஒரு தெரிவு உண்டு.

மார்ச் 5, பிற்பகல் 1.15: திருத்தம்

நேற்றுக் காலை "எதுவாக இருந்தாலும் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்" என்று எழுதினேன். தவறு. இன்று ஒரு கோப்பை வேண்டுமென்றே நடுவில் வெட்டி, அதே மூன்று கட்டளை வரியை ஸ்நேக்மேக், நெக்ஸ்ட்ஃப்ளோ இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். ஸ்நேக்மேக் உடனே நின்றது. ஷெல் கட்டளைகளை அது இயல்பாகவே கண்டிப்பான முறையில் இயக்குகிறது, குழாயில் எந்தக் கண்ணி அறுந்தாலும் முழு வரியும் தோல்வி. நெக்ஸ்ட்ஃப்ளோ சிரித்துக்கொண்டே பச்சை அடையாளம் போட்டது. குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று கொள்ளச் சொல்லும் பைப்ஃபெயில் என்ற தெரிவு அதன் இயல்பான அமைப்பில் இல்லை. அமைவுக் கோப்பில் நாமே சேர்க்க வேண்டும். நெக்ஸ்ட்ஃப்ளோ பயனர்களின் என்எஃப்-கோர் குழு தரும் ஆயத்தப் பைப்லைன்களில் (எழுதி முடித்த பணிப்பாய்வுகள்) சேர்த்தே தருகிறார்கள். தானாக எழுதத் தொடங்குகிறவருக்குத்தான் இந்தப் பள்ளம்.

என் 17-ஆம் செடி நெக்ஸ்ட்ஃப்ளோவிலும் வெளிச்சம் போதாமல் வாடியிருக்கும்.

மார்ச் 5, இரவு 9.50

பைப்ஃபெயிலை இப்போதே ஸ்கிரிப்டில் போட்டுப் பார்த்து, "எல்லாமே தோல்வி, குறியீடு 141" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கேயோ ஒரு கோப்பின் முதல் சில வரிகளை மட்டும் எட்டிப் பார்க்கும் கட்டளை இருக்கும். அது போதும் என்று கதவைச் சாத்தியதும், பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தவர் முட்டிக்கொண்டு விழுகிறார். 128-ஓடு 13 சேர்ந்தது 141. 13 என்பது உடைந்த குழாய்க்கான சைகை. 137 வந்தால் 128-ஓடு 9: பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து இயங்குதளம் தலையைக் கொய்திருக்கிறது என்று பொருள். இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தேடிய சொல் கிடைக்காவிட்டால் கிரெப் என்ற தேடல் கட்டளை 1 என்று திரும்பும், பைப்ஃபெயில் அதையும் தோல்வியாகக் கொள்ளும். ஒரு மாதிரியில் எதுவும் கிடைக்காதது பிழையா, விடையா என்பதை அந்த இடத்தில் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மார்ச் 6, காலை 11.30

எதைத் தேர்ந்தெடுப்பது என்று நேராகக் கேட்டுவிட்டீர்கள். பைதான் தெரியும், ஒரே சர்வர், 32 கோர், 128 ஜிபி நினைவகம். ஸ்நேக்மேக் எடுங்கள்.

காரணம் இருக்கிறது, ஆனால் சுற்றி வருகிறேன். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். பெரிய நிரலில் ஒரு கோப்பு மாறினால் எதையெல்லாம் மறுபடி தொகுக்க வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்று கணக்குப் பார்க்கும் கருவி. அதில் கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், இடைவெளி போட்டால் ஒத்துக்கொள்ளாது. அது தொல்லை என்று தெரிந்தபோது சுமார் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். பன்னிரண்டு பேருக்காகக் காட்டிய தாட்சண்யம், இன்றுவரை டேப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

2012-இல் யோஹானஸ் கோஸ்டரும் ஸ்வென் ராமனும் வெளியிட்ட ஸ்நேக்மேக் அந்த மேக்கின் பேரப்பிள்ளை. அது பின்னாலிருந்து யோசிக்கும். "எனக்கு இறுதி அட்டவணை வேண்டும்" என்று சொல்கிறீர்கள். அதற்கு 48 எண்ணிக்கைக் கோப்புகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீரமைப்புக் கோப்பு வேண்டும், அதற்குக் கழித்த ரீட்கள் வேண்டும் என்று அது பின்னோக்கி இறங்கி, ஏற்கெனவே இருப்பதைக் கண்டதும் நிற்கும். விடையிலிருந்து கேள்விக்குப் போகிற மாணவன் மாதிரி. நெக்ஸ்ட்ஃப்ளோ நேர்மாறு. பார்சிலோனாவின் மரபணு ஒழுங்குமுறை மையத்தில் பாவ்லோ டி டொமாசோ தொடங்கியது, 2013-இல் வெளிவந்தது. வாய்க்காலில் தண்ணீர் விடுவது போல மேலிருந்து தரவை விடுகிறீர்கள், வர வர ஒவ்வொரு மடையிலும் வேலை நடக்கிறது. எத்தனை கோப்பு வரும் என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில் இந்த முறை வசதி. மேகக் கணினிக்கும் பெரிய கிளஸ்டருக்கும் (பல கணினிகளைச் சேர்த்த தொகுப்பு) அதைத்தான் எடுப்பேன். ஆனால் க்ரூவி மொழியில் எழுத வேண்டும். முதல் மாதம் பிழைச் செய்திகளைப் பார்த்துத் திகைப்பீர்கள்.

பின்னாலிருந்து யோசிப்பதில் உங்களுக்கு ஓர் ஆதாயம்: ஒத்திகை ஓட்டம். எதையும் இயக்காமல், என்ன செய்யப்போகிறேன், ஏன் செய்யப்போகிறேன் என்று பட்டியல் போடும். நான் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஒருநாளும் ஓட்டுவதில்லை.

மார்ச் 6, காலை 11.55

நினைவகம். மனித அல்லது எலி மரபணுத் தொகுதிக்கு ஸ்டார் சீரமைப்பி சுமார் 30 ஜிபி கேட்கும். 32 கோர் இருக்கிறதே, தலா 4 கோர் கொடுத்து 8 மாதிரியை ஒன்றாக ஓட்டலாம் என்று தோன்றும். 240 ஜிபி. மேலே சொன்ன 137 வந்து நிற்கும். ஸ்நேக்மேக்கில் ஒவ்வொரு படியும் ஒரு விதி. அந்த விதியிலேயே நினைவக அளவை எழுதி, மொத்தம் இவ்வளவு என்று ஓட்டும்போது சொன்னால் அதுவே வரிசை போட்டுக்கொள்ளும். மூன்று மூன்றாகப் போகட்டும்.

மார்ச் 8, இரவு 8.10

கேலக்ஸியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு அது, வேறென்ன.

மார்ச் 9, காலை 6.30

நேற்றைய வரி அற்பத்தனம். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

கேலக்ஸி 2005-இலிருந்து இருக்கிறது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, ஆன்டன் நெக்ருடென்கோவும் ஜேம்ஸ் டெய்லரும் வளர்த்தது. இணைய உலாவியில் சொடுக்கிச் சொடுக்கியே பகுப்பாய்வு செய்யலாம் என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். நான் உறைத்து உணர்ந்தது வேறு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கட்டுரைக்கு மதிப்பீட்டாளர், "ரீட்களைக் கழிக்கப் பயன்படுத்திய நிரலின் பதிப்பும் அளவுருக்களும் எவை" என்று கேட்டார். என் பகுதிக்கு நான் விடை தேட ஒன்றரை நாள் ஆயிற்று. சர்வரில் இதற்கிடையே நிரலைப் புதுப்பித்திருந்தார்கள். கூட்டாய்வாளர், சோதனைக் கூடத்தில் பிப்பெட் பிடிப்பவர், கட்டளை வரி ஒன்றும் தெரியாதவர், தன் கேலக்ஸி வரலாற்றைத் திறந்து நான்கு நிமிடத்தில் அனுப்பினார். கருவி, பதிப்பு, ஒவ்வொரு அளவுரு, எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்பு, எல்லாம் அவர் கேட்காமலே பதிவாகியிருந்தன. செய்து முடித்த வரலாற்றையே ஒரு பணிப்பாய்வாகப் பிரித்தெடுத்து அடுத்த தொகுதிக்கு ஓட்டவும் முடியும்.

குறைகளும் உண்டு. பொதுச் சர்வர்களில் இடத்துக்கு வரம்பு இருக்கிறது, நூற்றுக்கணக்கான ஜிபியை ஏற்றுவது சலிப்பு, நோயாளிகளின் தரவை அங்கே ஏற்றவே கூடாது, சொந்தமாக நிறுவிக்கொள்ள வேண்டும். இருந்தாலும் கறுப்புத் திரை வீரனான எனக்கு ஒன்றரை நாள், அவருக்கு நான்கு நிமிடம்.

மார்ச் 9, காலை 6.50

படம் வரைந்து பணிப்பாய்வு கட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் டாவெர்னா என்ற பழைய மென்பொருள் ஞாபகம் வருகிறது. பெட்டிகளைக் கோடுகளால் இணைப்போம். ஒவ்வொரு பெட்டியும் எங்கோ ஒரு நிறுவனத்தின் வலைச் சேவை. மான்செஸ்டரில் கரோல் கோபிள் குழுவினரின் மைகிரிட் திட்டத்தில் உருவானது. பார்க்க அழகு. ஆனால் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சேவையை ஒருவர் நிறுத்தினால் அன்றோடு பணிப்பாய்வு செத்தது. 2012-இல் ஓர் ஆய்வு பகிரப்பட்ட டாவெர்னா பணிப்பாய்வுகளை எடுத்து ஓட்டிப் பார்த்தது. சோதித்தவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் ஓடவில்லை, அல்லது பழைய விடையைத் தரவில்லை. மென்பொருளே 2014-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் அடைகாப்பகத்துக்கு (புதுத் திட்டங்களை வளர்க்கும் இன்குபேட்டர்) போய், 2020-இல் ஓய்வு பெற்றது. என்னிடம் இன்னும் இரண்டு படங்கள் இருக்கின்றன. திறக்க ஆளில்லை.

மார்ச் 12, இரவு 11.45

நெக்ஸ்ட்ஃப்ளோ பிரியர் ஒருவர் நான் அதைக் குறைத்துப் பேசுவதாக வருத்தப்படுகிறார். குறைக்கவில்லை ஐயா, பட்ட காயத்தைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

அது ஒவ்வொரு வேலைக்கும் 'வொர்க்' என்ற அடைவுக்குள் எழுத்தும் எண்ணும் கலந்த பெயரில் ஒரு துணை அடைவு போடும். அதற்குள் போனால் இயக்கிய கட்டளை, பிழைச் செய்தி, வெளியேறிய குறியீடு எல்லாம் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளாக இருக்கும். பிழை தேட இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இடைக்கோப்புகள் எல்லாம் அங்கேயே குவியும். ஒரு திட்டம் முடிந்ததும் அந்த அடைவு 3 டெராபைட் ஆகியிருந்தது. வட்டு நிறைந்துவிட்டது என்று நிர்வாகி மூன்று மின்னஞ்சல் அனுப்பினார். முடிவுகள் தனி அடைவில் பத்திரமாக இருக்கின்றனவே என்று வொர்க் அடைவை அழித்தேன்.

முடிவு அடைவில் பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சிவப்பு நிறத்தில். ஒவ்வொன்றும் வொர்க் அடைவைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு, சுட்டப்பட்டது இல்லை. முடிவுகளை வெளியிடும்போது நகலெடு என்று நாம் சொல்லாவிட்டால் இணைப்பு மட்டும்தான் போடும், அதுதான் இயல்பு அமைப்பு. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் படித்தும் இருக்கிறேன். விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழியில்லை, விட்ட இடமே வொர்க் அடைவுதான். நான்கு நாள் மறுபடி ஓடியது.

மார்ச் 13, காலை 10.00

கன்டெய்னர், அதாவது நிரலையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து எங்கும் ஒரே மாதிரி ஓட்டும் ஏற்பாடு, வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். நெக்ஸ்ட்ஃப்ளோவின் 2017-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு காட்சி உண்டு: லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுதியில் மரபணுக்களை அடையாளப்படுத்தும் ஒரே பைப்லைன், ஒரே தரவு, ஆப்பிளின் மேக் கணினியில் ஒரு விடை, லினக்ஸில் வேறு விடை. டாக்கர் கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டியதும் இரண்டும் ஒன்றாயின. கிளஸ்டரில் டாக்கருக்குப் பெரும்பாலும் அனுமதி தரமாட்டார்கள், அங்கே அதே வேலைக்குச் சிங்குலாரிட்டி. இப்போது ஆப்டைனர் என்று பெயர். ஒரே சர்வரில் தொடங்க உங்களுக்கு பயோகோண்டா (உயிரியல் நிரல்களை வேண்டிய பதிப்பில் நிறுவித் தரும் களஞ்சியம்) போதும், பதிப்பு எண்ணை எழுதிவிட்டால். "அண்மைப் பதிப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். அது ஒவ்வொரு மாதமும் வேறு ஆள்.

மார்ச் 17, பிற்பகல் 3.20

"கோப்பு இல்லை என்கிறது, ஆனால் கண்ணெதிரே இருக்கிறது" என்ற உங்கள் புலம்பலைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். மாதிரிப் பட்டியலை எக்செலில் தயாரித்தீர்களா? விண்டோஸ் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கும். கடைசிப் பத்தியில் இருந்த கோப்புப் பெயரின் வாலில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிரல் வாலோடு தேடுகிறது, கோப்போ வாலில்லாமல் இருக்கிறது.

எக்செலைப் பற்றி இன்னொன்று. உங்கள் மாதிரிகளில் 3இ5 என்று ஒரு பெயர் பார்த்தேன், ஆங்கில எழுத்தில். நடுவிலுள்ள எழுத்தைப் பத்தின் அடுக்கு என்று கொண்டு, அதை எக்செல் 3 லட்சம் என்று படிக்கும். மரபணுப் பெயர்களையே தேதியாக்கிய மென்பொருள் அது: செப்ட்2 என்ற மரபணு செப்டம்பர் 2 ஆனது, மார்ச்1 என்பது மார்ச் மாதம் 1-ஆம் தேதி ஆனது. 2016-இல் எண்ணிப் பார்த்தபோது, எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அவற்றின் பெயரையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றிக்கொண்டது. மென்பொருள் வளையவில்லை, உயிரியல் வளைந்து கொடுத்தது.

பட்டியலை வெறும் உரைக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 20, இரவு 9.15

ஸ்நேக்மேக்கில் 48-உம் ஓடி முடிந்ததா, நல்லது. பழைய ஸ்கிரிப்டின் விடையோடு எம்டி5 ஒப்பிட்டு, "48-உம் வேறுபடுகின்றன" என்று பதறியிருக்கிறீர்கள். பதற வேண்டாம், ஒப்பிட்ட முறை தவறு. சுருக்கிய கோப்பின் தலைப்பில் நேர முத்திரை இருக்கக்கூடும். உள்ளடக்கம் ஒன்றானாலும் எம்டி5 மாறும். சீரமைப்பின் விடை இருக்கும் பேம் கோப்பின் தலைப்பிலோ இயக்கிய கட்டளை முழுவதும், அடைவுப் பாதை உட்பட, எழுதப்பட்டிருக்கும். அடைவை மாற்றினாலே வேறு எம்டி5. இறுதி எண்ணிக்கை அட்டவணையை மரபணு மரபணுவாக ஒப்பிடுங்கள்.

மார்ச் 22, காலை 8.00

46 அச்சு அசலாக ஒன்று, 2 மட்டும் வேறு. பழைய அட்டவணையில் அந்த இரண்டின் எண்ணிக்கைகளும் எல்லா மரபணுவிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். மென்பொருள் பிழை இப்படிச் சீராக வராது. முந்தையவரிடம் இந்த இரண்டு மாதிரிகளுக்கு மட்டும் கூடுதலாக வரிசைப்படுத்தல் நடந்ததா என்று கேளுங்கள். ரீட் குறைவாக வந்த மாதிரிகளை இன்னொரு முறை ஓட்டி வாங்குவார்கள், அந்தக் கோப்பு வேறு அடைவில் இருக்கும், ஒருநாள் மாலை கையாலேயே இரண்டையும் ஒட்டியிருப்பார். 212 வரியில் அந்த ஒரு வரி இருக்காது.

மார்ச் 23, மாலை 5.30

ஆமாம் என்று சொல்லிவிட்டாரா. கட்டளை வரலாற்றிலும் இல்லை, அவருடைய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலில் இருந்தது. பிழைத்தோம்.

மாதிரிப் பட்டியலில் அந்த இரண்டுக்கும் இன்னொரு வரி சேருங்கள். உங்களிடம் கோப்புகளை இணைக்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. ஒத்திகை ஓட்டம் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். அதற்குள் ஓட்ட வேண்டாம்.

மார்ச் 23, இரவு 10.40

எல்லா 48-ஐயும் மறுபடி செய்வேன் என்கிறதா. நினைத்தேன். மாதிரிப் பட்டியலையே எல்லா விதிகளுக்கும் உள்ளீடாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொட்டதும் எல்லாமே பழையதாகிவிட்டன. உள்ளீட்டிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் 48 என்றுதான் காட்டும், ஏனென்றால் ஸ்நேக்மேக்கின் 7.8 பதிப்பிலிருந்து உள்ளீட்டுப் பட்டியல் மாறினாலும் மறுஓட்டம் என்று வைத்துவிட்டார்கள். அளவுரு மாறினாலும், கட்டளை மாறினாலும் அப்படியே. நல்ல மாற்றம்தான், இன்றைக்குத் தொல்லை. இந்த ஒரு முறை மட்டும் நேர முத்திரையை மட்டும் பார் என்று சொல்லி ஒத்திகை பாருங்கள்.

மார்ச் 23, இரவு 10.55

நில்லுங்கள், அது போதாது. கூடுதல் கோப்புகள் போன ஆண்டே வந்தவை, நேர முத்திரை பழையது. நேரத்தை மட்டும் பார்த்தால் "செய்ய வேண்டியது எதுவுமில்லை" என்று கைகட்டி நிற்கும், நீங்களும் சரி என்று படுத்துவிடுவீர்கள். அந்த இரண்டு மாதிரிகளின் பெயரில் உள்ள வெளியீடுகள் அத்தனையையும், இறுதி அட்டவணையையும் அழித்துவிட்டு, பிறகு ஒத்திகை. அட்டவணையை விட்டுவிட்டால், வேண்டியது இருக்கிறதே என்று அது மேலே ஏறவே ஏறாது.

ஒவ்வொன்றுக்கும் இணைப்பு, கழிப்பு, சீரமைப்பு, எண்ணிக்கை என்று 8, அட்டவணை 1, எல்லாவற்றையும் கேட்கும் முதல் விதி 1. பத்து காட்ட வேண்டும். பதினொன்று காட்டினால்கூட எழுப்புங்கள்.

மார்ச் 24, காலை 6.10

பத்து. ஓட்டுங்கள்.